தேர்தல் நிதியும் சட்டவாக்கமும்: கலிபோர்ணியாச் சபாநாயகர் ஜெஸி அன்றூ

மக்களாட்சியில் சட்டமியற்றுவோரின் அதிகாரம் மக்களின் வாக்கிலிருந்து பிறக்கின்றது. ஆயின் அவ்வாக்கைத் தேடிச் செல்வதற்குப் பணம் வேண்டும். அப்பணத்தை வழங்குவோர் யாவர், அதற்கு ஈடாக அவர்கள் பெறுவது யாது என்பன அரசியல் வரலாற்றில் தவிர்க்கவியலா வினாக்களாகும். 1961 இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலக் கீழ்ச்சபையின் சபாநாயகராகி, ஏழாண்டுகளுக்கு மேல் அப்பதவியை வகித்த ஜெஸி அன்றூவின் வாழ்வு இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். பணமே அரசியலின் தாய்ப்பால் என வெளிப்படையாகக் கூறியவர் அவர். அம்மாநிலத்தின் முதன்மையான குடியியல் உரிமைச் சட்டம் இன்றும் வழங்குவதும் அவர் பெயராலேயே.

1922 இல் கன்சாஸ் மாநிலத்திற் பிறந்த அன்றூ, ரெக்சாஸ் மாநிலத்தில் வறிய குத்தகை விவசாயக் குடும்பமொன்றில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றியபின், தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் 1948 இற் பட்டம் பெற்றார். ஆரம்பத் தோல்விகளைத் தொடர்ந்து, 1954 இல் ஜனநாயகக் கட்சியின் சார்பிற் சட்டசபை உறுப்பினரானார். செல்வமோ குடும்பச் செல்வாக்கோ அவருக்குப் பின்னணியாக இருக்கவில்லை.

அவர் புகுந்த சபையின் நிலையை நோக்குதல் அவசியம். 1913 முதல் 1959 வரை கலிபோர்ணியாவில் வேட்பாளர் ஒருவர் இரு கட்சிகளினதும் முதனிலைத் தேர்தல்களிற் போட்டியிட முடிந்தது. இதனாற் கட்சிகள் வலுவிழந்தன. வேட்பாளர் நிதிக்காக அமுக்கக் குழுக்களை நாடினர். மதுபான உற்பத்தியாளரின் முகவராகிய ஆட்டி சமிஷ் இந்நிலையின் உச்சமாக விளங்கினார். 1949 இற் சஞ்சிகையொன்றுக்காக, சட்டசபையைக் குறிக்கும் பேசும் பொம்மையொன்றை மடியில் இருத்தி அவர் படமெடுத்துக் கொண்டமை அன்றைய சபையின் அவலத்தைக் காட்டும். 1953 இல் அவர் வருமானவரி ஏய்ப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். எனினும் தனியொருவர் வீழ்ந்தாரேயன்றி, நிதித்தேவை மறையவில்லை.

அன்றூவின் அரசியல் உத்தி இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. அமுக்கக் குழுக்களின் நிதியை அவர் மறுத்தாரல்லர்; அதனைத் தம்மூடாகப் பாயச் செய்தார். முகவர்களிடமிருந்தும் செல்வந்தரிடமிருந்தும் பெற்ற பணத்தைத் தம் கட்சி வேட்பாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். உதவி பெற்று வென்றோர் முகவருக்கன்றிச் சபாநாயகருக்கே கடமைப்பட்டனர். சபையின் தலைமையைத் தனியார் முகவரிடமிருந்து மீட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடம் அவர் ஒப்படைத்தார் எனலாம். ஆனால் பணத்தின் ஊற்று மாறவில்லை.

இவ்வதிகாரம் எதற்குப் பயன்பட்டது? 1959 இல், நிதிக்குழுத் தலைவராயிருந்தபோது, அவர் முன்வைத்த இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று தவணைமுறையிற் பொருள் வாங்குவோரைப் பாதுகாத்தது. மற்றையது எல்லா வகை வணிக நிறுவனங்களிலும் இனம், நிறம், சமயம், பூர்வீகம் என்பவற்றின் அடிப்படையிற் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இரண்டாவது சட்டத்தின் வலிமை விரைவிற் சோதனைக்குள்ளாயிற்று. வீட்டுடைமையாளர் தாம் விரும்பியோருக்கே விற்கவும் வாடகைக்கு விடவும் உரிமையுடையர் என்னும் 14ஆம் பிரேரணையை, காணி விற்பனை முகவர் சங்கம் முன்னின்று நடத்த, 1964 இல் வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஏற்றனர். கறுப்பினத் தம்பதியர் தமக்கு வீடு மறுக்கப்பட்டமைக்கு எதிராக அன்றூ சட்டத்தின் கீழ்த் தொடுத்த வழக்கில், 1966 இல் மாநில உயர்நீதிமன்றமும் 1967 இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றமும் அப்பிரேரணையைச் செல்லாததாக்கின.

சபையின் பலவீனத்திற்கு வறுமையும் காரணமென அன்றூ கண்டார். உறுப்பினர் ஆண்டுக்கு 6,000 டொலர் மட்டுமே பெற்றனர். ஆய்வாளர் உதவியின்றி, தகவலுக்கும் முகவர்களையே நம்பினர். அவர் சபைக்கு ஆய்வு அலுவலரை நியமித்தார். 1966 நவம்பரில் வாக்காளர் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தின் பயனாகச் சபை ஆண்டுதோறும் முழுநேரமாகக் கூடியது. சம்பளம் 16,000 டொலராக உயர்ந்தது. ஏனைய மாநிலங்கள் பலவற்றிற்கு இது முன்மாதிரியாயிற்று.

ஆயினும் குவிந்த அதிகாரம் தன் இயல்பைக் காட்டாதிருக்கவில்லை. 1963 இற் பாடசாலை நிதி தொடர்பான பிணக்கில் வாக்களிக்க மறுத்த குடியரசுக் கட்சி உறுப்பினரை அவர் இரவு முழுவதும் சபைக்குள் அடைத்து வைத்தார். பொதுமக்களின் கண்டனம் அவரைச் சூழ்ந்தது.

1970 இல் ஆளுநர் றொணால்ட் றீகனை எதிர்த்துப் போட்டியிட்டபோது வரலாறு அவரை எள்ளி நகையாடியது. பெருந்தொகை நிதி இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்றது. றீகனின் ஆதரவாளரான எண்ணெய்த் தொழிலதிபர் ஹென்றி சல்வற்றோரியின் மாளிகை வாயிலில் நின்று, ஆளுநரின் வரித்திட்டம் செல்வந்தருக்கே நன்மை தரும் என அன்றூ முழங்கினார், எனினும் தோற்றார். 1974 இல் வாக்காளர் நிறைவேற்றிய அரசியற் சீர்திருத்தச் சட்டம் தேர்தல் நிதியை வெளிப்படுத்துவதைக் கண்டிப்பாக்கி, அமுக்கக் குழு முகவரின் அன்பளிப்பை மாதத்திற்குப் பத்து டொலராக மட்டுப்படுத்தியது. 1975 முதல் 1987 இல் இறக்கும்வரை மாநிலப் பொருளாளராயிருந்த அன்றூவுக்கோ, அரசாங்கப் பிணைமுறிகளிற் பங்குகொண்ட நிதி நிறுவனங்களே நன்கொடையாளராயின.

அன்றூவை ஊழல்வாதி என ஒதுக்குவதும் சீர்திருத்தவாதி எனப் போற்றுவதும் எளிது. இரண்டும் உண்மையின் பாதியே. அமுக்கக் குழுவின் பணத்தைப் பெற்றும் அதன் விருப்பிற்கு மாறாக வாக்களிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. 1959 இன் சட்டங்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. ஆனால் அந்நம்பிக்கை தலைவரின் தனிப்பட்ட துணிவில் தங்கியிருந்தது. துணிவை அடுத்த தலைவருக்குச் சட்டமூலம் கையளித்தல் இயலாது. சம்பளமும் ஆய்வு அலுவலரும் சபைக்கு அறிவுச் சுதந்திரம் தந்தன. நிதிச் சுதந்திரத்தை அவை தரவில்லை. தேர்தலுக்கான பணம் எங்கிருந்து வரவேண்டும் என்னும் வினாவுக்கு அவர் விடைகாணாது சென்றார். அவர் இயற்றிய சட்டம் எளியோரைக் காத்து நிற்க, அவர் மாற்றாது விட்ட முறை வலியோருக்கு வாயில் திறந்தே வைத்தது.