பத்தீர்: வாரத்துக்கு எட்டு நாள் உள்ள பலஸ்தீனக் கிராமம்

பலஸ்தீன் என்றாலே இடிந்த கட்டடங்கள்தாம் நம் கண்முன் வருகின்றன. அங்கே பசுமையான பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன. ஜெரூஸலத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பெத்லஹேமுக்கு மேற்கே, மலைச்சரிவில் அமைந்த பத்தீர் அப்படிப்பட்ட ஊர்.

சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள். மண் சரியாமல் தாங்குபவை சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள். மேலே ஜைத்தூனும் திராட்சையும்; ஊற்று நீர் எட்டும் இடங்களில் காய்கறி. பத்தீர் கத்தரிக்காய்க்குச் சுற்றுவட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு.

ஊற்று நீர் ரோமானியர் காலத்துக் குளமொன்றில் சேர்கிறது. ஊரிலுள்ள எட்டுக் குடும்ப வம்சங்களுக்கும் ஆளுக்கொரு நாள் முறை. அதனால்தான் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்கிறார்கள். குளத்தில் குச்சியை இறக்கி நீர்மட்டத்தை அளந்து, அன்றைய முறைக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்.

1892இல் உஸ்மானிய ஆட்சியில் திறக்கப்பட்ட யாஃபா–ஜெரூஸலம் ரயில் பாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியேதான் செல்கிறது. பத்தீருக்கென ஒரு நிலையமும் இருந்தது. 1948 போரில் அண்டைக் கிராமங்கள் பல காலியாயின. பத்தீரிலும் சிலரே எஞ்சினர். அப்போது ஹசன் முஸ்தஃபா என்ற ஆசிரியரின் தலைமையில், ஆளில்லாத வீடுகளில் விளக்கேற்றியும் கொடிகளில் துணி உலர்த்தியும் ஊர் நிறைய மக்கள் இருப்பதாகக் காட்டினார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். 1949 போர்நிறுத்த உடன்படிக்கையில் ரயில் பாதை இஸ்ரேல் வசமானது. ஆனால் ரயிலுக்குத் தீங்கு செய்யாதவரை, பாதைக்கு அப்பாலுள்ள தங்கள் நிலங்களிலும் ஊரார் பயிரிடலாம் என்று முடிவாயிற்று. அந்த நாட்களில் இப்படியொரு ஏற்பாடு கிடைத்தது அபூர்வம்.

1967 முதல் ஊர் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பின் கீழ் இருக்கிறது. பிரிப்புச் சுவரை இந்த வயல்களினூடே எழுப்பும் திட்டம் வந்தபோது ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். இஸ்ரேலின் சொந்த இயற்கைப் பாதுகாப்புத் துறையே அந்தத் திட்டத்தை எதிர்த்தது. 2014இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, அப்போதே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. 2015 ஜனவரியில் நீதிமன்றத்தில் சுவர்த் திட்டம் நின்றுபோனது.

சுவர் வராவிட்டாலும் கவலை தீரவில்லை. சாந்தில்லாத கற்சுவரை அவ்வப்போது எடுத்துக்கட்ட வேண்டும். உரியவர் போய்வர முடியாத வயல் சில மழைக்காலங்களிலேயே சரியத் தொடங்கும். 2024 ஆகஸ்டில், நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு நிலம் வரையறுத்திருக்கிறது. அது அமையவிருப்பது இந்தப் பாரம்பரியச் சின்னத்தின் எல்லைக்குள்.