யாத்ரீகர் வந்தால் யாருக்குச் செலவு?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிக்கோக்கு. தீவைச் சுற்றி 88 புத்தக் கோயில்கள். எல்லாவற்றையும் நடந்தே தரிசிக்க சுமார் 1,200 கிலோமீட்டர்! கோபோ தாய்ஷி (774-835) என்ற துறவியின் பெயரால் நடக்கும் யாத்திரை இது. 1687-ல் ஷின்னென் என்ற துறவியின் வழிகாட்டிப் புத்தகம் அச்சில் வந்தது. அதன்பின் குடியானவர்களும் ஏழைகளும்கூட நிறையக் கிளம்பினார்கள்.

கையில் காசு இல்லாமல் இத்தனை தூரம் எப்படி நடந்தார்கள்? வழியில் இருந்த கிராமங்கள்தான் தாங்கின. அரிசி, தேநீர், வைக்கோல் செருப்பு, ஓர் இரவு தங்க இடம். சில ஊர்களில் முடிகூடத் திருத்திவிட்டார்கள். இந்த உபசாரத்துக்கு 'செத்தாய்' என்று பெயர்.

இத்தனைக்கும் கொடுத்தவர்களும் பணக்காரர்கள் இல்லை. விளைச்சலில் பெரும்பங்கை வரியாகக் கட்டியவர்கள். அப்புறம் ஏன் கொடுத்தார்கள்? பக்தி பாதி, பயம் பாதி என்று சொல்லலாம். எமோன் சபுரோ என்ற பணக்காரன், வாசலில் வந்து நின்ற துறவியின் திருவோட்டை உடைத்தானாம். அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறந்தார்களாம். வந்தவர் தாய்ஷி என்று பிறகுதான் தெரிந்தது. இப்படி ஒரு கதை ஊரெல்லாம் உலவும்போது, கதவைத் தட்டுகிறவனை யார் துரத்துவார்கள்?

பதிலுக்கு யாத்ரீகர் தன் பெயரும் ஊரும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுப்பார். வீட்டார் அதை வைக்கோல் மூட்டையில் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவார்கள். தீமை அண்டாது என்று நம்பிக்கை. (வணிகவியல் படிப்பவர்கள் வவுச்சர் என்று நினைத்துக்கொள்ளலாம். பணமாக்கத்தான் முடியாது.)

ஆனால் யாத்ரீகர் நோயில் விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். அவர்கள் கையில் இருந்த பயண அனுமதிச் சீட்டில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: வழியில் இறந்துபோனால் அந்த ஊர் வழக்கப்படி அடக்கம் செய்துவிடுங்கள், சொந்த ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அதாவது, கிளம்பும்போதே சாவுக்கும் ஏற்பாடு! 1767-ல் ஷோகுன் அரசு போட்ட உத்தரவு, நோயுற்ற பயணிகளைக் கிராமமே பராமரிக்க வேண்டும் என்றது. ஊர் திரும்ப விரும்பினால், ஒரு கிராமம் அடுத்த கிராமத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அப்படியே கைமாறிக் கைமாறி வீடுவரை. வயல் வேலையை விட்டுவிட்டுத் தூக்கிப் போனவர்கள் கிராமத்து ஆட்கள்தான். உத்தரவு போட்டவர்களுக்கு என்ன, தூக்கவா போகிறார்கள்?

தீவின் தெற்கே இருந்த தோசா சிற்றரசு வேறு வழியில் போனது. யாத்ரீகர் நுழைய ஒரு சாவடி, வெளியேற ஒரு சாவடி, நடுவில் நாள் கணக்கு. பிச்சையெடுத்தே வாழ்கிறவர்கள் யாத்ரீகர் வேடத்தில் தங்கிவிடுவார்கள் என்ற கவலை. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. தொழுநோயாளிகளும் ஊரால் விரட்டப்பட்டவர்களும் திரும்பிப் போக வீடில்லாமல் தீவையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்கும் கிராமத்து அரிசிதான்.

நடந்தபடியே இறந்தவர்களின் கல்லறைகள் அந்தப் பாதையோரம் இன்றும் நிற்கின்றன. பல கற்களில் இறந்தவரின் பெயரும், வந்த ஊரும், இறந்த தேதியும் செதுக்கியிருக்கிறது.