தென்பெண்ணையும் 1892 ஒப்பந்தமும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, பெங்களூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி ஓடி, ஓசூர் அருகே தமிழகத்தினுள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கன்னட மக்கள் இதனைத் தட்சிண பினாகினி என்பர். இந்த ஆற்றின் நீரை இரு அரசுகளும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

பஞ்சத்தில் பிறந்த ஒப்பந்தம்

1876–78இல் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1881இல் மைசூர் மீண்டும் மன்னராட்சிக்கு வந்தது. அதன்பின் அங்கே பழைய ஏரிகளைச் செப்பனிடுவதும் புதிய ஏரிகளை வெட்டுவதும் நடந்தன. மேலே நீரைத் தேக்கினால் கீழே பாசனம் என்னாகும் எனச் சென்னை மாகாணம் கவலை கொண்டது. இதன் விளைவே 1892 பிப்ரவரி 18ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தம்.

அதன் பட்டியலில் காவிரி, துங்கபத்திரை, பாலாறு, தென்பெண்ணை முதலிய 15 முக்கிய ஆறுகள் இடம்பெற்றன. இவற்றின் குறுக்கே புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டுமுன் மைசூர் அரசு முழு விவரங்களையும் அனுப்பிச் சென்னையின் ஒப்புதலைப் பெற வேண்டும். சென்னைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்கெனவே அனுபவித்துவரும் உரிமையைக் காப்பதற்கன்றி வேறு காரணத்திற்காக அது ஒப்புதலை மறுக்கக் கூடாது. கருத்து வேறுபட்டால் நடுவரிடமோ இந்திய அரசிடமோ செல்லலாம்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரியோ கிராண்டே ஆற்று நீர் குறைந்தது என மெக்சிகோ முறையிட்டது. தன் எல்லைக்குள் ஓடும் நீரை விட்டுக்கொடுக்க அமெரிக்காவுக்குச் சட்டக் கடமை ஏதுமில்லை என 1895இல் அந்நாட்டின் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன் கூறினார். ஆயினும் 1906இல் ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி, அதாவது ஏறத்தாழ 2.6 டி.எம்.சி. நீரை மெக்சிகோவுக்குத் தர அமெரிக்கா உடன்பட்டது. கடும் வறட்சியில் தன் உழவர்க்கு எந்த விகிதத்தில் நீர் குறைகிறதோ அதே விகிதத்தில் மெக்சிகோவுக்கும் குறையும் என்ற விதியும் அதில் சேர்ந்தது. நம் 1892 ஒப்பந்தத்தில் பற்றாக்குறையைப் பங்கிட இத்தகைய விதி இல்லை. அது கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. வானம் பொய்த்தால் என்ன செய்வது எனக் கூறவில்லை.

அன்று எண்ணிப் பாராத நீர்

1892இல் யாரும் கற்பனை செய்திராத ஒன்று இன்று நிகழ்கிறது. 1974 முதல் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டுப் பெங்களூருக்கு வருகிறது. நகரின் கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையை அடைகிறது. ஆகவே காவிரி நீரின் ஒரு பகுதி குழாயிலும் சாக்கடையிலும் பயணம் செய்து வேறோர் ஆற்று நீராக மாறிவிடுகிறது!

கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை மலைபோல் எழுவது இதனால்தான். சோப்புத் தூள்களிலுள்ள வேதிப் பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து, உடையாத குமிழ்கள் உண்டாகின்றன.

2018 முதல் இக்கழிவுநீரின் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் ஐந்தரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். கோலார் வறண்ட பூமி; அங்குள்ள உழவரின் தேவை உண்மையானது. கோடையில் தென்பெண்ணையை நம்பும் ஓசூர் உழவரின் தேவையும் உண்மையானதே. இந்த நீர் யாருடையது என்பதற்கு 1892இன் வாசகத்தில் விடை இல்லை.

மார்க்கண்டேய நதியில் யார்கோள் அருகே கர்நாடகம் கட்டிய அணையைப் பற்றிய சச்சரவும் இத்தன்மையதே. அது குடிநீருக்கானது என்றது கர்நாடகம். உபநதியைத் தடுத்தாலும் பாதிப்பு ஒன்றே என்றது தமிழகம். 2018இல் தமிழகம் வழக்குத் தொடர்ந்தது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, நடுவர் மன்றம் கோரி மத்திய அரசை அணுகலாம் என்றது.

மாறும் வானிலை

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது நிலம் விரைவில் காயும். 2024 ஒன்றே போதிய சான்று. அவ்வாண்டுக் கோடையில் பெங்களூர் குடிநீருக்குத் தவித்தது. டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் எச்சத்தால் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கடந்த காலச் சராசரியை வைத்து எழுதிய உடன்படிக்கை இத்தகைய ஆண்டுகளுக்குப் போதாது.

வழி என்ன?

ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக்கு 1950இலேயே கரையோர நாடுகள் ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே இரசாயனக் கிடங்கில் தீப்பற்றி நஞ்சு ஆற்றில் கலந்தபோது, அந்த ஆணையம் இருந்ததால் மறு ஆண்டே கூட்டுத் திட்டம் உருவானது. பின்னர் சால்மன் மீன்கள் ஆற்றுக்குத் திரும்பின.

நமக்கும் முன்மாதிரி அருகிலேயே உண்டு. இதே மாவட்டத்தின் பிலிகுண்டுலுவில் காவிரி நீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. பங்கைப் பற்றி வாதிடும் இரு மாநிலங்களும் அந்த அளவை வைத்தே வாதிடுகின்றன. தென்பெண்ணை எல்லையிலும் நீரின் அளவோடு அதன் தூய்மையும் நாள்தோறும் அளக்கப்பட்டு, இரு தரப்பாரும் ஏற்கும் வகையில் வெளியிடப்பட வேண்டும். பற்றாக்குறையை விகிதப்படி பங்கிடும் விதி ஒன்றும், மேலே பெய்யும் மழையைக் கீழே உடனே தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்றும் அதனுடன் சேர வேண்டும். அளவில் உடன்பாடு வந்துவிட்டால் பங்கைப் பற்றிப் பேசுவது எளிதாகும். அதுவரை ஓசூர் உழவர் நுரை கலந்த நீரைத்தான் வயலுக்குப் பாய்ச்ச நேரிடும்.