பதினாறாம் லூயி காலமா, பதினாறாம் லூயி பாணியா?

பழம்பொருள் விற்பவர் 'இது பதினாறாம் லூயி கடிகாரம்' என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, அந்த ராஜா ஆண்ட 1774க்கும் 1792க்கும் இடையில் பாரிஸில் செய்தது. இன்னொன்று, அந்தப் பாணியில் பின்னாடி எப்போதோ செய்தது. பேச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். விலையில் பல மடங்கு வித்தியாசம்.

இந்தக் குழப்பத்துக்கு மோசடிக்காரர்கள் மட்டும் காரணமில்லை. மூன்றாம் நெப்போலியன் (1852–1870) காலத்தில் அவருடைய மனைவி யூஜெனிக்கு மரி அந்துவானெத் மேல் பெரிய மோகம். அரண்மனையில் ஆரம்பித்த ரசனை பணக்கார வீடுகளுக்குப் பரவ, பாரிஸ் பட்டறைகள் பழைய வடிவங்களை மறுபடி வார்த்துத் தள்ளின. கேட்டு வாங்கினார்கள், செய்து கொடுத்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த மறுபதிப்புகளுக்கே இன்று 130, 150 வயது. நம் நாட்டின் 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள்தான். ஆகவே 'ஆன்டிக்' என்று சொல்லி விற்பவர் பொய் சொல்லவில்லை. எந்தக் காலத்து ஆன்டிக் என்பதுதான் கேள்வி.

(டயலில் 'விக்டோரியா ஸ்டேஷன் 1747 லண்டன்' என்று அச்சடித்த பித்தளைக் கடிகாரங்களை இங்கே சேர்க்கவில்லை. விக்டோரியா ஸ்டேஷன் திறந்தது 1860இல். 1747இல் லண்டனில் ரயிலே கிடையாது. அதுக்கு ஆராய்ச்சி எதற்கு?)

நான் பேசுவது ஓர்மொலு கடிகாரங்களைப் பற்றி. வெண்கலத்தில் தேவதை, பூச்சாடி, தேர் என்று வார்த்து, உளியால் செதுக்கி, மேலே தங்க முலாம் பூசி, கணப்பு மாடத்தின் மேல் வைப்பதற்காகச் செய்தவை. முதலில் பார்க்க வேண்டியது முலாம். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய் மாதிரி ஒரு பசையாக்கி, பிரஷ்ஷால் வெண்கலத்தின் மேல் தடவுவார்கள். பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி போனது தொழிலாளியின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், பல் விழுதல், அற்பாயுசில் சாவு.

அந்தக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்துவான்-ஆந்த்ரே ராவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கல வியாபாரி 1814இல் இறந்தபோது, முலாம் பூசுகிறவர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் என்று உயில் எழுதி வைத்துப் போனார். 1818இல் அந்தப் பரிசை வாங்கியவர் தார்சே என்ற வேதியியலாளர். புகைபோக்கியில் கூடுதலாக ஒரு அடுப்பு வைத்து, அந்தச் சூட்டால் காற்றை மேலே இழுத்து, ஆவியை வெளியேற்றும் உலை அவருடைய யோசனை. ஒரு பழைய கடிகாரத்தைப் புகழும்போது ராவ்ரியோ பெயரையும் சேர்த்துச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். அவர் அந்தத் தொழிலில்தான் பணம் பண்ணினார், ஆனா கணக்கைப் பார்க்க மறுக்கவில்லை.

1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் கம்பெனி மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியது. துப்பு இங்கேதான் கிடைக்கிறது. பாதரச முலாம் பிரஷ்ஷால் தடவுவது. தங்கம் விலை அதிகம், ஆகவே கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கு யாரும் தடவ மாட்டார்கள். பின்னால் வெறும் வெண்கலமும், ஓரத்தில் வழிந்த தங்கத் திட்டுகளும் இருக்கும். மின்முலாமில் பொருளைத் தொட்டியில் முக்குகிறார்கள், முன்னும் பின்னும் ஒரே சீராகப் படியும். ஒரு திருகைக் கழற்றி, உருவத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் பளபளவென்று தங்கமா? சந்தேகப்படலாம். வெண்கலமே இல்லாமல் துத்தநாகக் கலவையில் வார்த்தவையும் ஏராளம். அடியில் லேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம் தெரியும்.

அடுத்தது உள்ளே இருக்கும் மெஷின். 1840கள் வரை பெரும்பாலான பாரிஸ் கடிகாரங்களில் பெண்டுலம் ஒரு பட்டு நூலில் தொங்கும். அந்தச் சமயத்தில்தான் அஷீல் ப்ரோக்கோ எஃகுப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, முன்பக்கமிருந்தே வேகத்தைத் திருத்தும் அமைப்பைக் கொண்டுவந்தார். டயலில் 12க்கு மேலே சின்னச் சாவி போடும் துளை தெரிந்தால் அனேகமாக இதுதான்.

முத்திரைகள் இன்னும் நேரடியானவை. ஜாப்பி சகோதரர்கள் 1855 பாரிஸ் கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தை மெஷினின் பின்தகட்டில் குத்தினார்கள், மார்ட்டி கம்பெனி 1900 தங்கப் பதக்கத்தை. விளம்பரத்துக்காகச் செய்தது நமக்குத் தேதிச் சான்று. 'ஃபிரான்ஸ்' என்று நாட்டின் பெயர் இருந்தால், அனேகமாக 1890 அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு ஏற்றுமதிக்குச் செய்தது. பின்தகட்டில் '5 4' மாதிரி இரண்டு எண்கள் இருந்தால் அது பெண்டுலத்தின் நீளம்: 5 பூஸ் 4 லீன், நம் கணக்கில் 14.4 செ.மீ. பழைய ஃபிரெஞ்சு அளவைகளை அரசாங்கம் 1840இலேயே தடை செய்துவிட்டது, ஆனா கடிகாரக்காரர்கள் விடவில்லை. அதனால் பூஸைப் பார்த்ததும் 1840க்கு முந்தையது என்று குதிக்க வேண்டாம்.

என் நண்பர் ஒருவர் போன வருடம், வீட்டுக்கடன் அடைக்க வைத்திருந்த பணத்திலிருந்து நாலரை லட்சம் கொடுத்து '1780 கடிகாரம்' வாங்கத் தயாரானார். அனுப்பிய படத்தில் ஜாப்பியின் 1855 முத்திரை தெளிவாகத் தெரிந்தது. சொன்னதும் வியாபாரி அசரவில்லை: "சார், மெஷின் பின்னாடி மாத்தினது, கூடு ஒரிஜினல்." இது நடக்கக்கூடிய விஷயம்தான். கூடு ஒரு காலம், மெஷின் ஒரு காலம் என்று கல்யாணம் பண்ணி வைத்த கடிகாரங்கள் நிறைய. ஃபைலின் மாடிஃபைடு டேட்டை வைத்து கிரியேட்டட் டேட்டைச் சொல்ல முடியாத மாதிரி.

ஆனா மெஷினை மாற்றினால் கூடும் சாட்சி சொல்லும். இந்த மெஷின்களைக் கூட்டோடு பிடித்திருப்பது இரண்டு பித்தளைப் பட்டைகள். வேறு மெஷினைப் பொருத்தினால் பழைய துளை, அடைத்த துளை, அகலப்படுத்திய வட்டம், இடைவெளிக்கு வைத்த வளையம், ஏதாவது ஒன்று அனேகமாக மிஞ்சும். நண்பரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஜோடித் துளை, அச்சாகப் பொருந்திய வட்டம், உள்பக்கமெல்லாம் சீரான தங்கம். கூடும் மெஷினும் ஒன்றாகப் பிறந்தவை, 1855க்குப் பிறகு. அவர் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கேட்டார், வியாபாரி தரவில்லை, விட்டுவிட்டார்.

இன்னும் கடினமானது, அசல் உருவத்திலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல். இதற்கு ஸ்கேல் உதவும். வெண்கலம் ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். 40 செ.மீ. உருவத்தின் நகல் 39.4 செ.மீ.தான் வரும். அசலின் அளவு ஏதாவது மியூசியப் பட்டியலில் கிடைத்தால் ஒப்பிடலாம். முடி, இறகு மாதிரி உளி வேலையின் கூர்மையும் நகலில் மழுங்கிப் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. கடிகாரம் கருத்திருந்தால் நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாதரச முலாம் தேய்ந்தால் போனது போனதுதான். அப்புறம் யாராவது மின்முலாம் பூசிச் சரி பண்ணினால் உள்பக்கமும் தங்கமாகிவிடும், நிஜமான 1780 கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிறவர் மறுபதிப்பு என்று மூடி வைத்துவிடுவார்.