ஈயத் தகட்டில் எஞ்சிய பெயர்கள்: பண்டைய கெல்ட்டியச் சமூகத்தில் சமயப் பெண்கள்

பண்டைய கெல்ட்டியரிடையே பெண்கள் சமயத் தலைமை ஏற்றிருந்தனரா என்று ஆராய்வோர் முதலில் எதிர்கொள்வது ஒரு மௌனத்தையே. ட்ரூயிட் எனப்பட்ட கெல்ட்டியச் சமயகுருமார் தம் மறைகளை எழுத்தில் வடிக்கவில்லை. சிலர் 20 ஆண்டுகள் வரை பயின்று மனனம் செய்தனர் என்கிறார் ஜூலியஸ் சீசர். எனவே அச்சமயத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய நூற்சான்றுகள் கிரேக்க, ரோமானிய அயலார் எழுதியவை. ட்ரூயிடுகளை விரிவாக விவரிக்கும் சீசரும் அவர்களுள் பெண்கள் இருந்தனரா என்பது குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை.

பிற ஆசிரியர்கள் கூறுகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பொம்போனியஸ் மேலா, இன்றைய பிரான்ஸின் மேற்குக் கடலிலுள்ள சேனா தீவில் ஒன்பது கன்னிப் பூசாரினிகள் வாழ்ந்ததாக எழுதுகிறார். அவர்கள் மந்திரத்தால் காற்றை எழுப்புவர். தீராப் பிணி தீர்ப்பர். தம்மை நாடிக் கடல் கடந்து வருவோர்க்கு மட்டும் வருவதுரைப்பர். லுவார் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆடவர் கால்வைக்காத ஒரு தீவையும், ஆண்டுக்கொருமுறை கோயிற்கூரையைப் பிரித்து அன்று பொழுது சாயுமுன் மீண்டும் வேயும் பெண்களையும் ஸ்டிராபோ குறிப்பிடுகிறார். கி.பி. 60 அளவில் ரோமானியப் படை மோனா (இன்றைய ஆங்கில்சி) தீவைத் தாக்கியபோது, கருப்புடை அணிந்து, தலைவிரி கோலத்துடன், தீப்பந்தம் ஏந்திய பெண்கள் எதிரிப் படையினரிடையே ஓடியதாக டாசிட்டஸ் எழுதுகிறார்.

இச்சித்திரங்கள் மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. பெண்கள் தொலைதூரத் தீவில் நிற்கின்றனர், வியப்புக்கோ அச்சத்துக்கோ உரியவராகின்றனர், ஒருவருக்கும் பெயரில்லை. அயலார் பார்வையின் சாயலை இதில் காணாதிருக்க இயலாது.

இந்நிலையில்தான் 1983இல் தென் பிரான்ஸின் லார்சாக் பகுதியில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த ஈயத் தகடு முதன்மை பெறுகிறது. கி.பி. 100 அளவில் பொறிக்கப்பட்டது. இலத்தீன் எழுத்து, கோலிய மொழி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். முழுமையான வாசிப்பு இன்றும் கைகூடவில்லை. ஆயினும் அது பெண்களின் மந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதில் ஆய்வாளர் பெரும்பாலும் உடன்படுகின்றனர். அதில் பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. செவேரா தெர்தியோனிக்னா என்பது அவற்றுள் ஒன்று. 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மகள்' என்னும் உறவுக் குறிப்புகளும் உள்ளன. இவை குருதி உறவு அல்ல, குருவும் மாணவியுமான உறவு எனக் கருதும் அறிஞரும் உளர். அக்கருத்து உறுதிப்படுமாயின், பெண்ணிடமிருந்து பெண் கற்ற ஒரு மரபின் தடயம் நம் கையில் இருக்கிறது.

தகட்டின் 'பெண்களின் மந்திரம்' என்னும் தொடர் தனித்து நிற்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, புனித பாட்ரிக்கின் பெயரால் வழங்கும் பழைய ஐரிய மன்றாட்டு, பெண்கள், கொல்லர்கள், ட்ரூயிடுகள் ஆகியோரின் மந்திரங்களிலிருந்து காக்குமாறு வேண்டுகிறது. அங்கு ஆளப்படும் சொற்களும் தகட்டின் சொற்களும் ஒரே வேரின. கிறித்தவம் பரவிய பின்னரும் இப்பெண்களின் ஆற்றல் அஞ்சத்தக்கதாகவே எண்ணப்பட்டது.

இச்சான்றுகளைக் கொண்டு 'பெண் ட்ரூயிடுகள் கெல்ட்டிய உலகை ஆண்டனர்' என முழங்குவதும் பிழை. 'அனைத்தும் ரோமானியர் கற்பனை' எனத் தள்ளுவதும் பிழை. கோயில், குறி, மருத்துவம், மந்திரம் ஆகிய களங்களில் பெண்களுக்கெனத் தனி அதிகாரம் இருந்தது என்ற அளவில் சான்றுகள் இணங்குகின்றன. வென்றவரின் நூல்கள் பெயரின்றி விட்ட பெண்களுக்கு ஓர் ஈயத் தகடு பெயர் தருகிறது. வரலாற்றை அப்பெயர்களிலிருந்து தொடங்குவதே முறை.