சீட்டுக்காரியும் மத்திய வங்கியும்

2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்ட நாட்களை எத்தாளையில யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எண்ணெய் இல்லாம போட்டுகள் கரையிலயே கிடந்திச்சு. அந்த ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியா ஏறினது. அந்த நேரம்தான் என்ட உம்மம்மா வங்கிப் புத்தகத்தில இருந்த காசை எடுத்துட்டு, ஊர்ச் சீட்டுக் கட்டத் தொடங்கினா. "வங்கி கைய விரிச்சா யார்ட்டப் போய்க் கேக்குற? சீட்டுக்காரி பக்கத்து வளவுலதானே" எண்டா.

வரலாறு படிக்கிற எனக்கு அது அறியாமையாத்தான் பட்டது. பிறகு பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தேன். உம்மம்மா கேட்ட கேள்வியை இந்த நாடு முன்னமே கேட்டிருக்கிறது.

1884 மே மாதம் ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1869இலிருந்து பரவிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் அதோடு சாய்ந்தது. அன்றைக்கு இலங்கையில் புழங்கிய தாள் காசு தனியார் வங்கிகள் அச்சிட்டது. வங்கி விழுந்தால் கையிலிருக்கும் நோட்டு வெறும் கடதாசி. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதே ஆண்டு சட்டம் வந்தது. 1885இலிருந்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது. பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தபடியால் தாள் காசு பிழைத்தது.

1953இல் நடந்தது வேறு. மானிய விலையில் ஒரு கொத்து அரிசி 25 சதம். முந்திய ஆண்டுத் தேர்தலில் அந்த விலையைக் காப்பதாகச் சொன்ன ஐக்கிய தேசியக் கட்சி, வென்ற பிறகு 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று நாடு ஹர்த்தாலில் நின்றது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையோடு, கொடுத்த வாக்கு போனதும் சனங்களைச் சுட்டது என்றே நான் நினைக்கிறேன்.

இனி எங்கட காலம். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தார்கள். கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது முதல் அடி. 2022 ஜனவரி 18 அன்று மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தட்டுப்பாடாக இருந்தபோதே, 50 கோடி டொலர் கடன்பத்திரத்தை அடைத்தார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். யாருடைய வீட்டிலும் யாரும் களவெடுக்கவில்லை, ஆனால் சேமிப்பு கரைந்து போனது.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்சக்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் இருவர் உட்பட்ட அதிகாரிகளும் பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. பொறுப்பு யாருடையது என்பது பெயர் சொல்லி எழுதப்பட்டது. மனுதாரர்களுக்கு 150,000 ரூபா வழக்குச் செலவு. சிறைத்தண்டனை எதுவுமில்லை.

இதை உம்மம்மாட்டச் சொன்னேன். "தீர்ப்பு வந்திச்சு, சரி. காசு வந்ததா?" எண்டு கேட்டா.

சீட்டும் பெரிய பாதுகாப்பில்ல. சீட்டுக்காரியும் ஓடலாம். விலை ஏறினா சீட்டுக் காசும் வங்கிக் காசு மாதிரியே தேயும். இது உம்மம்மாவுக்கும் தெரியும். ஆனா சீட்டில ஏதும் பிழைச்சா, போய்த் தட்டுறதுக்கு ஒரு கதவு இருக்கு. கோர்டன் 1884இல் கொடுத்ததும் அப்படி ஒரு கதவுதான். கஷ்டத்தைச் சனம் தாங்கும். பதில் சொல்ல ஆளில்லாத கஷ்டத்தைத் தாங்காது.

இப்ப அஸ்வெசும காசு வங்கிக் கணக்குக்குத்தான் வருது. உம்மம்மா போய் எடுத்துட்டு வாறா, அதில சீட்டுக் கட்டுறா. வங்கிப் புத்தகத்தை இன்னும் எறியல்ல.