துவைச்சலில் இருக்கிறது சூட்சுமம்

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டையும் சீகன்பால்குவின் அச்சுக்கூடமும் நினைவுக்கு வரும். எஃகின் வரலாற்றிலும் இவ்வூருக்கு ஒரு சிறு இடம் உண்டு. 1760இல் இங்கு வந்து குடியேறிய மொரேவியச் சகோதரர்களின் சபைக்கு, அந்நூற்றாண்டின் இறுதியில் ஊழியராக வந்து சேர்ந்தவர் பெஞ்சமின் ஹைன். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான அவர், தென்னிந்திய இரும்பு உலைகளைப் பற்றியும் எழுதினார். 1814இல் லண்டனில் வெளியான அவரது நூலில், நம் உருக்கைப் பற்றி அந்நகரத்துக் கருவி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் சொன்ன பாராட்டும் இருக்கிறது.

உருக்கின் புகழைப் பேசுவோர் அதை உருக்கும் மண்கலமான மூசையோடு நின்றுவிடுகிறார்கள். மூசையிலிருந்து வருவது வெறும் கட்டிதான். அதைக் கருவியாக்குவது அடுத்து வரும் துவைச்சல் என்னும் சூட்டுப் பக்குவம். ஸ்டோடார்ட் இதை அறிந்தவர். மைக்கேல் ஃபாரடேயுடன் ஆய்வு செய்தபோது, இந்திய உருக்கைச் சிறந்த ஆங்கிலேய வார்ப்பெஃகைவிட 40 ஃபாரன்ஹீட் பாகை கூடுதலாகச் சூடேற்றித் தணிக்க வேண்டும் என்று அவர்கள் குறித்தார்கள். செல்சியஸில் 22 பாகைதான்!

எஃகு 727 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அதன் படிக அமைப்பு மாறி, கரிமம் அதில் கரையத் தொடங்கும். சட்டென்று நீரில் தோய்த்தால் வெளியேற நேரமில்லாமல் கரிமம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது பிறக்கும் மார்ட்டன்சைட் மிகக் கடினமானது. ஆனால் தட்டினால் கண்ணாடியாய்த் தெறிக்கும். அதைத் தணிக்க மீண்டும் 200 முதல் 300 பாகைவரை சூடாக்கினால் கரிமத்தில் ஒரு பங்கு நுண்துகள்களாகப் பிரியும். கடினம் சற்றுக் குறையும், முறியாத தன்மை கூடும். இரண்டையும் முழுதாகப் பெற வழியில்லை.

கைதேர்ந்த கொல்லர் இதை வெப்பமானி இல்லாமலே செய்வார். பழுத்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, உடனே கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு இறங்கும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நகரும். வேண்டிய நிறம் வந்த கணத்தில் முழு அரிவாளும் தண்ணீருக்குள். நீலம்வரை விட்டால் வாய் மடங்கும். மஞ்சளுக்கு முன்பே நிறுத்தினால் உதிரும். அந்த நிறங்கள் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு ஏட்டின் தடிப்பைப் பொறுத்தவை என்பது பாடநூல் விளக்கம். பாடநூலுக்கு முன்பே பட்டறை அதைக் கண்டுகொண்டது.

அறுவடை இயந்திரம் வந்தபின் டெல்டாவில் கதிர் அரிவாளுக்கு வேலை குறைந்துவிட்டது. அதை அடிக்கும் பட்டறைகளும் அருகிவருகின்றன. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு வெப்பமானியோடு அங்கே போய், எந்த நிறத்தில், எத்தனை பாகையில் கை நிற்கிறது என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும்.